பூட்ட வேண்டியது எந்த வட்டியை?

கேள்வி: மாடம்பாக்கத்தில் 68 லட்சம் ரூபாய்க்கு ஒரு மறுவிற்பனை ஃப்ளாட் பார்த்திருக்கிறோம். மார்கழி பிறப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று 2025 டிசம்பர் 14 அன்று 2 லட்சம் முன்பணம் கொடுத்து, 60 நாள் கெடுவுடன் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். கையில் 26 லட்சம் இருக்கிறது. 50 லட்சம் கடன் வேண்டும். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை, வயது 38. கணவருக்கு 41, அம்பத்தூரில் தனியார் நிறுவனத்தில் வேலை, 58 வயதில் ஓய்வு. இருவருக்குமாக மாதம் 1,15,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஒரு வங்கி மாறும் வட்டியில் 7.75 சதவீதம் என்கிறது. ஒரு வீட்டுவசதிக் கடன் நிறுவனம் முதல் மூன்று ஆண்டுகளுக்கு நிலையான வட்டி 9.25 சதவீதம் என்கிறது. இரண்டுக்கும் தவணைக் காலம் 20 ஆண்டு. டல்லாஸில் இருக்கும் தம்பி, “வட்டியை இன்றைக்கே லாக் செய்துவிடு அக்கா” என்கிறான். அப்பா நிலையான வட்டிதான் நிம்மதி என்கிறார். கணவரோ, பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இன்னும் குறைக்கும், அதுவரை பொறுப்போம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மாடம்பாக்கம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேருமே உங்கள் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் தம்பி பேசுவது அமெரிக்கக் கடனைப் பற்றி. அப்பா பேசுவது அவர் காலத்துக் கடனைப் பற்றி. கணவர் பேசுவது இன்னும் பிறக்காத ஒரு வட்டியைப் பற்றி. நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் கடன் இவை மூன்றிலும் சேராதது. அதன் உள்ளமைப்பு தெரிந்துவிட்டால், எதைப் பூட்டுவது, எதைத் திறந்து விடுவது என்பது உங்களுக்கே புலப்பட்டுவிடும்.

முதலில் தம்பியின் பேச்சை எடுத்துக்கொள்வோம். அங்கே வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் 30 ஆண்டுகளுக்கு ஒரே வட்டியில் கடன் எடுக்கிறார்கள். கடன் முடிவாகும் நாளில் என்ன விகிதமோ, அது கடைசித் தவணை வரை மாறாது. அந்த விகிதமோ பத்திரச் சந்தையோடு சேர்ந்து அன்றாடம் அசைகிறது. 2021 ஜனவரியில் சராசரி 30 ஆண்டு வட்டி 2.65 சதவீதமாக இருந்தது. 2023 அக்டோபரில் அது 7.79 சதவீதம். இப்படி ஆடும் ஊரில், விண்ணப்பம் கொடுத்த நாளுக்கும் பத்திரம் முடியும் நாளுக்கும் நடுவில் விகிதம் ஏறிவிட்டால் அந்தச் சுமை 30 ஆண்டும் முதுகில் இருக்கும். அதனால்தான் 30 நாள், 45 நாள், 60 நாள் என்று விகிதத்தைப் பூட்டி வைக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. கெடு தாண்டினால் நீட்டிக்கப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. பூட்டிய பிறகு வட்டி இறங்கினால் இறங்கிய விகிதத்தைப் பெறும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு; பொதுவாக அதற்கும் தனியாகக் காசு. உங்கள் தம்பி இந்த அனுபவத்திலிருந்து சொல்கிறார். அவர் ஊருக்கு அது சரியான அறிவுரை.

நம் வங்கிகளால் ஏன் அப்படித் தர முடிவதில்லை? அங்கே கடன் கொடுக்கும் நிறுவனம் பெரும்பாலும் அந்தக் கடனைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஃபேனி மே, ஃப்ரெட்டி மேக் போன்ற அமைப்புகள் கடன்களை வாங்கிக் கட்டாகக் கட்டி முதலீட்டாளர்களிடம் விற்றுவிடுகின்றன. இங்கே வங்கி உங்கள் கடனைப் பெரும்பாலும் தன் கணக்கிலேயே வைத்திருக்கிறது. அதற்கான பணம், உங்களைப் போன்றவர்கள் ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று போடும் டெபாசிட்டிலிருந்து வருகிறது. டெபாசிட் வட்டி மாறும்போது கடன் வட்டி மட்டும் 20 ஆண்டு அப்படியே நின்றால் வங்கி தாங்காது. எனவே இங்கே மாறும் வட்டிதான் வழக்கம்.

ஆகவே, தம்பி சொல்லும் பொருளில் பூட்டு என்று நம் ஊரில் ஒன்று இல்லை. கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் ‘7.75 உறுதியாகிவிட்டது’ என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். அந்தக் கடிதத்தில் வட்டி விகிதம் அச்சிட்ட வரிக்குக் கீழே பாருங்கள். பட்டுவாடா நாளன்று, அதாவது வங்கி பணத்தைத் தரும் நாளன்று, நடைமுறையில் இருக்கும் விகிதமே பொருந்தும் என்ற கருத்தில் ஒரு வாக்கியம் பெரும்பாலும் இருக்கும். அதாவது, கடிதத்தின் செல்லுபடிக் காலம் பணம் கொடுப்பதற்கான ஒப்புதலுக்கு, விகிதத்துக்கு அல்ல.

இருந்தாலும் ஒரு சிறிய பிடிமானம் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எதுவாக இருந்தாலும், ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளை உங்களுக்குத் தந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வட்டி, கட்டணங்கள், எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டுச் சதவீதம், தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்கடனைப் பொறுத்தவரை அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலை நாள்கள் செல்லும். அதற்குள் நீங்கள் ஒப்புக்கொண்டால், அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளுக்கு வங்கி கட்டுப்பட்டது. “கையெழுத்துப் போடும்போது தருகிறோம்” என்றால் விடாதீர்கள். முன்கூட்டியே கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்.

இனி உங்கள் கணவரின் யோசனைக்கு வருவோம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்குக் கடன் தரும் வட்டிக்கு ரெப்போ என்று பெயர். 2025-இல் அது நான்கு முறை குறைந்தது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என்று 6.50-லிருந்து 5.25 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. இன்னும் ஒருமுறை குறையும் என்று அவர் நினைப்பதில் குற்றமில்லை. இதைத் தீர்மானிக்கும் ரிசர்வ் வங்கியின் அடுத்த கூட்டம் 2026 பிப்ரவரி 4 முதல் 6 வரை. குறைப்பார்களா என்று எனக்கு ஜோசியம் சொல்ல வராது. ஆனால் அதற்காகக் காத்திருப்பதில் உங்களுக்கு என்ன மிச்சம் என்று கணக்குப் போட முடியும்.

2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன் எல்லாம் வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்; பெரும்பாலான வங்கிகள் எடுத்துக்கொண்ட அளவுகோல் ரெப்போ. அந்த விகிதத்தைக் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்பதும் விதி. நீங்கள் ஜனவரியில் கடன் வாங்குகிறீர்கள், பிப்ரவரியில் ரெப்போ கால் சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறைப்பு அதிகம் போனால் மூன்று மாதத்தில் உங்கள் கணக்குக்குத் தானாக வந்து சேரும். அந்த மூன்று மாதத் தாமதத்தின் விலை என்ன? 50 லட்சத்துக்குக் கால் சதவீதம் ஆண்டுக்கு 12,500 ரூபாய். மூன்று மாதத்துக்கு 3,125 ரூபாய். அவ்வளவுதான். காத்திருப்பதால் கிடைக்கக்கூடிய லாபத்தின் உச்சவரம்பே அது.

மறுபக்கம் பாருங்கள். உங்கள் ஒப்பந்தக் கெடு பிப்ரவரி 12. ரிசர்வ் வங்கி 6-ஆம் தேதி அறிவித்த பிறகு ஓடினால், சனி ஞாயிறு போகப் பதிவுக்கு மிஞ்சுவது நான்கு வேலை நாள். வழக்கறிஞரின் சட்டக் கருத்து தாமதமாகலாம். வில்லங்கச் சான்றில் ஒரு பழைய அடமானம் ரத்தாகாமல் இருக்கலாம். மதிப்பீட்டாளர் ஊரில் இல்லாமல் போகலாம். இந்த மூன்றையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 3,125 ரூபாய்க்காக 2 லட்சம் முன்பணத்தையும் பிடித்த வீட்டையும் பணயம் வைக்காதீர்கள். உங்கள் கணவரிடம் இந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். வாக்குவாதமே வேண்டியிருக்காது.

அப்படியானால் பூட்ட எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதைத்தான் யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொன்ன 7.75 ஒரே எண் அல்ல. 5.25 ரெப்போ, அதன்மேல் வங்கி தன் செலவுக்கும் லாபத்துக்கும் உங்களால் வரக்கூடிய ஆபத்துக்குமாக வைக்கும் 2.50. இந்த இரண்டாவது பகுதிக்கு ஸ்ப்ரெட் என்று பெயர். ரெப்போ ஊருக்கெல்லாம் பொது. அது ஏறினால் உங்களுக்கும் ஏறும், இறங்கினால் உங்களுக்கும் இறங்கும். ஸ்ப்ரெட் உங்களுடையது. பட்டுவாடா நாளன்று எது எழுதப்படுகிறதோ அது நெடுங்காலம் கூடவே வரும். அதில் கடன் ஆபத்துக்கான பங்கை, உங்கள் கடன் தரத்தில் பெரிய மாற்றம் வந்தால்தான் வங்கி மாற்றலாம். மற்றப் பங்குகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றக் கூடாது என்பது பழைய விதி. 2025 அக்டோபர் முதல், வாடிக்கையாளருக்கு நன்மையாகக் குறைப்பதானால் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள்.

ஒரு நிலவரம் சொல்கிறேன். ரெப்போ குறையும் காலத்தில் வங்கிகள் சில சமயம் புதியவர்களுக்கு ஸ்ப்ரெட்டை ஏற்றுவதும் உண்டு. போட்டி மிகும்போது இறக்குவதும் உண்டு. அண்டை வீட்டுக்காரர் இரண்டு ஆண்டு கழித்து அதே வங்கியில் உங்களைவிடக் குறைந்த வட்டியில் கடன் வாங்கினால், காரணம் ரெப்போ அல்ல, ஸ்ப்ரெட். எனவே நீங்கள் பேரம் பேச வேண்டியது இந்த 2.50-ஐ.

அது 2.15 ஆனால் உங்கள் வட்டி 7.40. மாதத் தவணை 41,047 ரூபாயிலிருந்து 39,974 ரூபாயாகிறது. மாதம் 1,073 ரூபாய் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். 20 ஆண்டுக்குப் பெருக்கினால் இரண்டரை லட்சத்துக்கு மேல். பிப்ரவரிக்குக் காத்திருந்து கிடைக்கும் 3,125-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எப்படிக் குறைப்பது? பழைய கடன்களை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினீர்கள் என்று காட்டும் கடன் மதிப்பெண்தான் முதல் கதவு. நீங்கள் எழுதவில்லை, ஆகவே கேட்கிறேன்: இருவருடைய சிபில் மதிப்பெண்ணையும் பார்த்துவிட்டீர்களா? ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. சில வங்கிகள் முதல் விண்ணப்பதாரரின் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன, சில இருவரில் குறைந்ததைப் பார்க்கின்றன. முதல் வகையானால், யாருடைய மதிப்பெண் கூடுதலோ அவரை முதலில் எழுதினாலே விகிதம் இறங்கலாம். நம் வீடுகளில் கணவர் பெயரை முதலில் எழுதுவது பழக்கம். வங்கி விண்ணப்பத்தில் அந்தப் பழக்கத்துக்கு விலை இருக்கிறது. மறந்துபோன கிரெடிட் கார்டு பாக்கி ஏதாவது இருந்தால் இன்றே கட்டிவிடுங்கள். அடுத்தது, இன்னொரு வங்கியிலிருந்தும் எழுத்தில் ஒரு விகிதம் வாங்குங்கள். வாய்ச் சொல்லுக்கு மேலாளர் மசியமாட்டார். கடிதத்தைப் பார்த்தால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும். பரிசீலனைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம் என்று சொல்லி ஸ்ப்ரெட் பேச்சைத் திசைதிருப்புவார்கள். அது ஒருமுறைச் செலவு. ஸ்ப்ரெட் 240 மாதச் செலவு.

இனி அப்பாவின் சொல். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘வட்டி குட்டி போடும்’ என்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவர்களுடையது. மாதா மாதம் இவ்வளவுதான் என்று தெரிந்தால் இரவில் தூக்கம் வரும் என்பதும் உண்மை. ஆனால் உங்களுக்குத் தந்திருப்பது அப்பா நினைக்கும் நிலையான வட்டி அல்ல. அது மூன்று ஆண்டுக்கு மட்டுமே நிலையானது. நான்காம் ஆண்டு பிறந்ததும் அந்தக் கடனும் மாறும் வட்டியாகிவிடும். அதுவும் ரெப்போவோடு கட்டப்பட்டதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 2019-இன் விதி வங்கிகளுக்கானது. வீட்டுவசதிக் கடன் நிறுவனங்கள் தங்கள் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். ரெப்போ குறைந்த செய்தியைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, நம் கணக்கில் ஏன் குறையவில்லை என்று கேட்டு நடையாய் நடக்கிறவர்களை மேற்கு மாம்பலத்தில் என் அலுவலகத்தில் இன்றும் பார்க்கிறேன்.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. 2004-இல் நான் வீடு வாங்கியபோது 7.5 சதவீதம், நிலையான வட்டி, 15 ஆண்டு என்று நம்பிக் கையெழுத்திட்டேன். 2008-இல் ஒரு கடிதம் வந்தது. வட்டியை உயர்த்தியிருக்கிறோம் என்றது. பதறிப்போய் ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில், பொடி எழுத்தில், பணச் சந்தையில் அசாதாரண மாற்றம் ஏற்பட்டால் விகிதத்தைத் திருத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று இருந்தது. அந்தப் பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த உறையிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுத்தாள். அன்று முதல் யார் நிலையான வட்டி என்று தாளைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஒரு பிரிவைத்தான். நீங்களும் தேடுங்கள்.

இப்போது உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 9.25 சதவீதத்தில் மாதத் தவணை 45,793. மாறும் வட்டியில் 41,047. வித்தியாசம் 4,746 ரூபாய். நிலையான வட்டி என்பது ஒரு காப்பீடு என்றால், அதன் பிரீமியம் மாதம் 4,746 ரூபாய். ரெப்போ இன்றைய நிலையிலிருந்து ஒன்றரை சதவீதம் ஏறினால்தான் இரண்டும் சமமாகும். அதற்கு மேல் ஏறினால்தான் உங்களுக்கு லாபம். அதுவும் மூன்று ஆண்டுக்குள் நடக்க வேண்டும்.

நடக்காது என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் நடந்திருக்கிறது. 2022 மே 4-ஆம் தேதி, அட்டவணையிலேயே இல்லாத ஒரு கூட்டத்துக்குப் பிறகு ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆனது. 2023 பிப்ரவரியில் 6.50. பத்து மாதம் ஆவதற்குள் இரண்டரை சதவீதம் ஏறிவிட்டது. அந்தக் காலத்தில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 6.75 சதவீதத்தில் 50 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 38,018 ரூபாய். ஓராண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகு அசல் பாக்கி சுமார் 48 லட்சத்து 77 ஆயிரம். வட்டி 9.25 ஆகும்போது அந்தப் பாக்கிக்கு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 37,600 ரூபாய். தவணையில் மிஞ்சி அசலுக்குப் போவது 400 சொச்சம். 38 ஆயிரம் கட்டி, கடனில் 400 ரூபாய் குறைகிறது! பல இடங்களில் தவணையை ஏற்றாமல் காலத்தை மட்டும் நீட்டிவிட்டார்கள்; வாடிக்கையாளருக்கு அது தெரியக்கூட இல்லை. 20 ஆண்டுக் கடன் ஓய்வு வயதைத் தாண்டி நீண்டதைக் கணக்குத்தாளில் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தலையிட்டதற்கு இதுதான் காரணம். வட்டி ஏறினால் தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா, ஒரு பகுதியை முன்கூட்டியே அடைப்பதா என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கும் உரிமை இப்போது உங்களுக்கு இருக்கிறது. அப்படி ஒரு கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால் ஓரமாக வைத்துவிடாதீர்கள். எப்போதும் தவணையைக் கூட்டுவதையே கேளுங்கள்.

அந்த 2023 விதியில், பிறகு நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பையும் தர வேண்டும் என்று இருந்தது. கடன் முகவர்கள் இன்றும் “வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம்” என்று சொல்வது அதை வைத்துத்தான். 2025 அக்டோபர் முதல் அது கட்டாயமல்ல, வங்கியின் விருப்பம். எனவே உங்கள் வங்கி அந்த வாய்ப்பைத் தருகிறதா, எத்தனை முறை, என்ன கட்டணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தந்தால் அதுவும் ஒரு பூட்டுதான். சாவி உங்கள் கையில் இருக்கும்.

அப்பாவுக்கும் நிம்மதி வேண்டும், பணமும் வீணாகக் கூடாது. அதற்கு நான் சொல்லும் வழி இது. கடனை மாறும் வட்டியில் வாங்குங்கள். தவணையை நிலையான வட்டிக்கு உரியதாகக் கட்டுங்கள். அதாவது வங்கி கேட்பது 41,047. நீங்கள் கட்டுவது 45,793. கூடுதல் 4,746 முழுவதும் அசலில் கழியும். மாறும் வட்டி வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. நிலையான வட்டியில் அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது, ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கடனிலும் ஒரே தொகையை மூன்று ஆண்டு கட்டினால், வட்டி அசையாமல் இருக்கும் பட்சத்தில், 9.25-இல் உங்கள் பாக்கி 47 லட்சம்; 7.75-இல் 44 லட்சத்து 55 ஆயிரம். ஏறக்குறைய இரண்டரை லட்சம் உங்கள் பக்கம். இதையே விடாமல் தொடர்ந்தால் 20 ஆண்டுக் கடன் 15 ஆண்டு 10 மாதத்தில் முடிந்துவிடும். அப்போது உங்கள் கணவருக்கு வயது 57. அவர் ஓய்வு பெற இன்னும் ஓராண்டு இருக்கும்போதே வீட்டுப் பத்திரம் உங்கள் பீரோவுக்கு வந்துவிடும். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வட்டி ஏறினால்? 2022-ஐப் போல இரண்டரை சதவீதம் ஏறி 10.25 ஆகிவிட்டால் தொடக்கக் கடனுக்குத் தவணை 49,082. நீங்கள் ஏற்கெனவே 45,793 கட்டிப் பழகியிருப்பீர்கள். 3,300 ரூபாய்தான் கூடுதலாகத் தேட வேண்டும். அதற்குள் அசலும் குறைந்திருக்கும். 1,15,000 வருமானத்தில் அது தாங்கக்கூடிய சுமை என்றே நினைக்கிறேன். ஒரே ஆளின் சம்பளத்தில் ஓடும் குடும்பமாகவோ, வருமானத்தில் பாதி தவணைக்கே போகிற நிலையாகவோ இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்படிப்பட்டவர்களுக்கு, கடன் முழுக்காலத்துக்கும் நிலையான வட்டி, இடையில் திருத்தும் பிரிவு இல்லை, மாறும் வட்டியைவிட முக்கால் சதவீதத்துக்கு மேல் கூடுதலில்லை என்று ஒன்று கிடைத்தால், உடனே பூட்டச் சொல்வேன்.

எனக்கு உங்கள் கடிதத்தில் கவலை தந்தது வட்டி அல்ல, அந்த 26 லட்சம். வீட்டு விலையில் கடன் போக 18 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம்; 68 லட்சத்துக்கு 6 லட்சத்து 12 ஆயிரம். ஆக 24 லட்சத்து 12 ஆயிரம் போய்விடுகிறது. நீங்கள் சொன்ன 26 லட்சம் முன்பணத்தையும் சேர்த்தது என்றால் மிஞ்சுவது 1,88,000. அதில் வழக்கறிஞர், ஆவண எழுத்தர், வங்கிக்கு அசல் பத்திரங்களை ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் செலவு, குடிபுகும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். ஒரு மாதம் சம்பளம் தாமதமானால் கையில் எதுவும் இருக்காது. எனவே மேலே சொன்ன கூடுதல் 4,746-ஐ முதல் இரண்டரை ஆண்டு வங்கிக்குக் கட்டாதீர்கள். மாதா மாதம் ஒரு தொடர் வைப்பில் போடுங்கள். மூன்று நான்கு தவணைக்கான தொகை சேர்ந்த பிறகு அசலில் கட்டத் தொடங்குங்கள். கடன் முடிவது சில மாதம் தள்ளிப்போகும், போகட்டும். நகையை வைத்துத் தவணை கட்டும் நிலை வரக்கூடாது.

வருமான வரிச் சலுகையை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள். குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவு, ஆண்டுக்கு 2 லட்சம் வரை, பழைய வரி முறையில்தான் உண்டு; புதிய முறையில் கிடையாது.

இனி நாள்களைச் சொல்கிறேன். மார்கழியில் பத்திரப் பதிவு வேண்டாம் என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள். நல்லதுதான், விண்ணப்ப வேலைக்கு அந்த மாதம் போதும். இந்த வாரமே தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை இரண்டு வங்கிகளுக்கும் கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு முன் அனுமதிக் கடிதம் வந்துவிட வேண்டும். தை பிறந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும். முகூர்த்த நாள்களில் கூடுதல் டோக்கன் தருகிறார்கள் என்றாலும், அவையும் வேகமாகத் தீர்ந்துவிடுகின்றன. ஜனவரி மூன்றாம் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, வங்கியின் வழக்கறிஞரும் விற்பவரும் அன்று வர முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அப்படிச் செய்தால் பிப்ரவரி 6-ஆம் தேதி அறிவிப்பைப் புது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

முக்கிய விவர அறிக்கை கைக்கு வந்ததும், பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்து ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். ஸ்ப்ரெட் எழுதியிருக்கும் வரியை, நீங்கள் ஒப்புக்கொள்வதற்கு முன் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.